நாலு தரம் வகையிட்டால் பூச்சியம்

காணாமற்போன ஒருவனைப் பற்றி அந்த வருடம் மட்டக்களப்பில் மூன்று விலை ஓடியது. உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல ஐம்பதாயிரம். எந்த இடத்தில் இருக்கிறான் என்று சொல்ல ஒன்றரை லட்சம். கண்ணால் காட்டித்தருவதென்றால் ஆளைப் பார்த்துப் பேசலாம். தரகர் தங்கமான மனிதர். சங்கிலி, காப்பு, வளவு உறுதிப் பத்திரம் என்று எதைக் கொண்டுபோனாலும் முகம் சுளிக்கமாட்டார். நகைக் கடையில்கூட உரைத்துப் பார்க்க விடுவார்கள். இந்த வியாபாரத்தில் மட்டும் பொருளைப் பார்க்க முன்னமே முழுக் காசையும் வைக்கவேண்டும்.

நாவற்குடா சர்மிலா ரீச்சரிடம் அவர் கேட்டது முதலாவது விலையை. அவளிடம் இருந்தது பதினெண்ணாயிரம் ரூபாயும் வார் அறுந்த ஒரு தையல் மெசினும். அந்த வாரை வாங்கத்தான் தம்பி ஜெயந்தன் 2004 டிசம்பர் ஏழாந்தேதி காலையில் சைக்கிளில் கிளம்பினான். கல்லடிப் பாலத்தில் ஏறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை.

பத்தொன்பது நாள் கழித்துக் கடல் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கரையில் ஆள் குறையாத வீடு அரிது. சர்மிலாவின் தாய் சீனிப்பிள்ளை, "என்ட புள்ள கடலுக்கு முந்தியே போனவன்" என்று சொல்லும்போது மற்றத் தாய்மார் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தார்கள். முந்திப் போனவனுக்குத் தண்ணீர் பட்டிருக்காது.

தரகர் கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசாங்கம் இருந்தது. 2005 மாசியில் வாவிக்கரையில் காணாதோர் முகாமைத்துவச் செயலகம் திறக்கப்பட்டது. வெளிநாட்டுக் காசில் எழும்பிய கட்டடம். குளிரூட்டி இருந்தது, குடிதண்ணீர் இல்லை. நாலு இரும்பு அலுமாரிகளும் ஒரு பணிப்பாளரும் கொழும்பிலிருந்து ஒரே லொறியில் வந்து இறங்கியதாகச் சொல்வார்கள். பணிப்பாளர் ஏரம்பமூர்த்தி அதற்கு முன் நெற் கொள்வனவில் இருந்தவர். ஈரப்பதன் என்று கொஞ்சம், பதர் என்று கொஞ்சம், சாக்கின் நிறை என்று கொஞ்சம் கழித்து, விவசாயியின் கண் முன்னாலேயே ஒரு மூட்டையை முக்கால் மூட்டையாக்குவதில் அவருக்கு இருபது வருட அனுபவம். மேலிடம் ஆளைத் தெரியாமல் அனுப்பவில்லை.

சர்மிலா முதல் நாள் போனபோது வாசலில் இருந்த எழுதுவினைஞர் முத்தலிப் அவளுடைய படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஏறாவூர்க்காரர். கோப்புகள் எல்லாம் அவர் பொறுப்பில்.

"எப்ப இருந்து தேடத் தொடங்குவீங்க?" என்று சர்மிலா கேட்டாள்.

"இது தேடுற இடமில்ல ரீச்சர். எண்ணுற இடம்."

"எண்ணினா மறுகா?"

"மறுகாவும் எண்ணுற."

கடலுக்கு முந்தியே தொலைந்தவர்களின் பழைய கொப்பி ஒன்று செயலகத்துக்கு ஏற்கெனவே வந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். ஜெயந்தன் அதில் நூற்றி எண்பத்தேழு. கோப்புக்கு அட்டை போட்டு, நூல் கட்டி, முதலாவது அலுமாரியில் வைத்தார் முத்தலிப். தம்பி எங்கே என்று கேட்டால் அன்று முதல் சர்மிலாவிடம் ஒரு விடை இருந்தது: முதலாவது அலுமாரி, மூன்றாந் தட்டு.

அவள் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் ரியூசன் கொடுப்பவள் என்பது பணிப்பாளரின் காதுக்குப் போனது. அவர் கூப்பிட்டார்.

"வரைபு கீறுவீங்களா பிள்ளை?"

"கீறுவன் சேர்."

"மேலிடம் மாசா மாசம் வரைபு கேக்குது. இஞ்ச இருக்கிறதுகளுக்கு நேர்கோடு கீறினாலே நெளியுது. நீங்க வந்து கீறுங்க. உங்கட தம்பிட கோப்பை நான் என்ட சொந்தப் பிள்ளையப்போலப் பாக்கிறன்."

நல்ல பேரம் என்று சர்மிலா நினைத்தாள். சம்பளத்தை அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோப்பு இருக்கும் இடத்தில் அவளும் இருக்கலாம். அது போதும்.

கிடையச்சில் மாதம், நிலையச்சில் ஆட்கள். கடல் வந்த நாள் பூச்சியம். பூச்சியத்தில் கோடு இருநூற்றுப் பன்னிரண்டில் தொடங்கியது. அங்கிருந்து பனை மரம்போல் ஏறியது. மாசியில் தொள்ளாயிரம், பங்குனியில் ஆயிரத்து இருநூறு, வைகாசியில் ஆயிரத்து எழுநூறு. ஆடியில் மேலிடத்து அதிகாரிகள் வருவதாகத் தந்தி வந்தபோது பணிப்பாளர் வரைபைச் சுவரிலிருந்து கழற்றி, தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார்.

"ஏறுதே பிள்ளை. இறங்கிறமாதிரி ஒண்டும் இல்லையா?"

இங்கேதான் சர்மிலா அந்தப் பிழையைச் செய்தாள். கடைத்தெருவில் வளர்ந்த எவரும் செய்யமாட்டார்கள். கேட்டதற்குப் பாதி சொல்லி, மீதியை மடியில் வைத்துக்கொள்வதுதான் பிழைக்கிற வழி. ஆனால் ரியூசன் ரீச்சருக்குக் கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் போதும். பின்வாங்கில் ஒருவன் தலையைச் சொறிந்தால்கூட எழும்பி விளக்கம் சொல்கிற வர்க்கம்.

"ஏறுதுதான் சேர். ஆனா படித்திறன் குறைஞ்சு வருது. முந்திச் செங்குத்தா ஏறினது இப்பச் சாஞ்சு ஏறுது. பெறுதியைக் கீறினா அது இறங்கும்."

"எதைக் கீறினா?"

அவள் வெண்கட்டியை எடுத்தாள். ஏறுகிற வேகத்தை மட்டும் எடுத்துத் தனி வரைபாகக் கீறினாள். சர்ரென்று இறங்குகிற அழகான கோடு. பணிப்பாளர் அதை நெல் மாதிரியைப் பார்ப்பதுபோலக் கிட்டப் போய்ப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி நின்றும் பார்த்தார்.

"இதுக்குள்ள அந்த இருநூற்றுப் பன்னிரண்டு எங்க?"

"அது மாறிலி சேர். தொடக்கத்திலேயே இருந்தது, கூடாது குறையாது. வகையிட்டா, பெறுதி எடுத்தா, இல்லாமப் போயிரும்."

"இல்லாமப் போயிருமா?"

"ஓம் சேர். அது விதி."

மறுநாள் காலை முதலாவது அலுமாரி வெறுமையாக இருந்தது. கோப்புகள் பின்பக்கம், வாவியைப் பார்த்த அறைக்குக் கொண்டுபோகப்பட்டதாகச் சொன்னார்கள். கதவில் 'மாறிலி' என்று புதுப் பலகை, ஆமைப்பூட்டு, சாவி பணிப்பாளரின் மேசை லாச்சியில்.

சர்மிலா ஓடிப்போய்க் கேட்டாள். "சேர், கணக்கில போறது வேற. அலுமாரியில போறது…"

"அலுமாரி கணக்கைப் பின்பற்றவேணும் பிள்ளை. பின்பற்றாட்டி அதுக்குப் பேர் ஊழல்." பிறகு குரலைத் தணித்தார். "பயப்பிடாதீங்க. பத்திரமா இருக்கும். மாறாததுகளுக்கு என்ன வந்திரப்போகுது?"

அவள் நம்பினாள். நம்பாவிட்டால் வேலையை விடவேண்டும். விட்டால் அந்தக் கதவுக்குக் கிட்டவும் வர முடியாது.

ஆவணியில் பெறுதி பூச்சியத்தைத் தொட்டது. செயலகத்தில் விழா எடுத்தார்கள். வாழை கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, பாற்சோறு கிண்டி, பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பெருமக்களே! இன்று காலை பத்து மணிக்கு எமது வேகம் பூச்சியமாகியுள்ளது. ஏழு மாதத்தில் இதைச் சாதித்த நிறுவனம் இத்தீவில் வேறு இல்லை. பட்டியலில் எத்தனை பேர் என்று சிலர் கேட்கிறார்கள். அது குறுகிய மனப்பான்மை. எத்தனை பேர் என்பது கடந்தகாலம். நாங்கள் எதிர்காலத்தை நிர்வகிக்கிறோம்."

அன்று பட்டியலில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பேர். செயலகத்தின் வரலாற்றிலேயே ஆகக்கூடிய தொகை. உச்சியில்தான் கோடு கிடையாக நிற்கும் என்பது சர்மிலாவின் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். பரீட்சையில் ஐந்து புள்ளிக் கேள்வி.

சீனிப்பிள்ளை வாழையிலையில் பாற்சோற்றை வைத்துக்கொண்டு மகளைக் கேட்டாள். "என்னகா, எல்லாரும் வந்திட்டாங்களா?"

"இல்லம்மா. கூடுறது நிண்டிரிக்கி."

"நிண்டதுக்கா பாற்சோறு?" என்று கிழவி இலையை மடித்து நாய்க்கு வைத்தாள். நாய் சாப்பிட்டது. அதற்கு இரண்டு வரைபுக்கும் வித்தியாசம் தெரியாது.

அதற்குப் பிறகு பட்டியல் உண்மையாகவே இறங்கியது. மரணப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தவர்களுக்குத் தகரம் கொடுத்தார்கள். கூரை இல்லாதவர்கள் வைத்தார்கள். 2006 ஆனியில் தொள்ளாயிரத்துச் சொச்சம். பணிப்பாளருக்கு மேலிடத்திலிருந்து ஒரு புது ஜீப்பும் வந்தது. அந்த ஜீப்பின் ஆசனத்துப் பொலித்தீனை உரிக்க முன்னமே கோடு கிறுகித் திரும்பி மேலே பார்க்கத் தொடங்கியது. ஆட்களைக் கடல் கொண்டுபோவது நின்றிருந்தது. சண்டை கொண்டுபோகத் தொடங்கியிருந்தது. வாகரைப் பக்கமிருந்து சனம் வாவியோரமாகவும் காட்டுக்குள்ளாலும் வந்துகொண்டிருந்தது. புறப்பட்டபோது ஆறு பேராக இருந்த குடும்பம் வந்து சேர்ந்தபோது நாலு பேராக இருந்தது.

பணிப்பாளர் கதவைச் சாத்திவிட்டு சர்மிலாவைக் கேட்டார்.

"இப்ப இந்தக் கோட்டுக்கு என்ன பேர் பிள்ளை?"

"ஏறி, இறங்கி, மறுகா ஏறுது. ரெண்டு திரும்பல் இருக்கிறதால குறைஞ்சது மூண்டாம் படிப் பல்லுறுப்பி சேர்."

"பெறுதி?"

"அது ரெண்டாம் படி. கிண்ணம்போல இருக்கும். அதுவும் இப்ப ஏறுது."

"பெறுதிக்கும் ஒரு பெறுதி இருக்குமா?"

"இருக்கும். ஒவ்வொரு தரம் வகையிட ஒவ்வொரு படி குறையும். கிண்ணம் நேர்கோடாகும். நேர்கோடு கிடைக்கோடாகும்."

"மறுகா?"

சர்மிலா வெண்கட்டியைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே வாவியில் ஒரு தோணி அசையாமல் நின்றது. விடை தெரிந்தும் சொல்லாமல் இருந்த அந்த ஐந்தாறு விநாடிதான் அவளுடைய பதினொரு வருட ரியூசன் வாழ்க்கையிலேயே நீளமானது.

"எத்தினை தரம் பிள்ளை?"

"நாலு," என்றாள். "நாலாந்தரம் பூச்சியம். அதுக்குப் பிறகு எத்தினை தரம் வகையிட்டாலும் பூச்சியம்தான்."

பணிப்பாளர் அதை நாட்குறிப்பில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார். பிறகு எழும்பிப் போய், மிச்சமிருந்த மூன்று அலுமாரியையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். வெறுமையாக நின்ற முதலாவதோடு சேர்த்து நாலு.

சுற்றறிக்கை 2007 தை மாதம் வந்தது.

'இச்செயலகத்தின் வளைகோடு மூன்றாம் படிக்கு மேற்படலாகாது. மாதாந்த எண்ணிக்கை வளைகோட்டின் வழியே முன்கூட்டியே ஒதுக்கப்படும். கோட்டுக்கு வெளியே விழும் புள்ளி அதிகாரமற்ற புள்ளியாகும். காணாமற்போவோர் உரிய மாத ஒதுக்கீட்டினுள் காணாமற்போதல் வேண்டும். ஒதுக்கீட்டுக்கு மேற்பட்டோர் வீட்டில் இருப்போராகக் கருதப்படுவர்.'

கோணாமலை என்பவர் வந்தது மாசியில். வாகரைப் பக்கத்து மீன்பிடிகாரர். காட்டுப்பாதையில் சனத்தோடு சனமாக வரும்போது பதினாறு வயது மகள் தனுஷியாவின் கை நழுவிவிட்டது. ஈரம் காயாத சாரத்தோடு முத்தலிப்புக்கு முன்னால் நின்றார்.

"இந்த மாசம் முப்பத்தொரு பேர் அண்ணன். நீங்க முப்பத்திரண்டாவது."

"என்ட புள்ள போனது தை மாசம் தம்பி."

"தை நிரம்பிட்டு."

"அப்ப எந்த மாசத்தில இடம் இரிக்கி?"

முத்தலிப் பேரேட்டைப் புரட்டினார். அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்பது அவர் தாள்களைப் புரட்டிய சத்தத்தில் தெரிந்தது. "2011 ஆவணியில ரெண்டு இடம் இரிக்கி."

"அதுவரைக்கும் அவள் எங்க இரிக்கிற?"

"வீட்டில."

"எந்த வீட்டில மனே? வீடும் இல்லயே."

"எழுதினது அப்பிடித்தான் அண்ணன். என்ட கையெழுத்துத்தான். ஆனா நான் சொன்னதில்ல."

கோணாமலை சர்மிலாவைப் பார்த்தார். அவள் மேசையில் கிண்ண வடிவக் கோட்டுக்கு நீல மை பூசிக்கொண்டிருந்தாள். "மகள், நீங்க படிச்ச புள்ள. அந்தக் கோட்டைக் கொஞ்சம் உசத்திக் கீறினா என்ட புள்ளைக்கு ஒரு இடம் வராதா?"

"அந்த ஒரு இடத்தில மட்டும் உசத்தினா படி கூடிரும் அப்பா," என்றாள் சர்மிலா. விடை சரி. சொல்லி முடித்தபிறகு மைப்போத்தலை மூடி வைத்தாள்.

ஒவ்வொரு செவ்வாயும் அவர் வந்தார். நாலாவது செவ்வாய் புதுக் கதையோடு வந்தார். அவர்கள் தங்கியிருந்த இரவல் கொட்டிலுக்கு ஆட்கள் வந்தார்களாம். குடும்பப் பட்டியலை வைத்துக்கொண்டு தலை எண்ணினார்களாம். தனுஷியா வீட்டில் இருப்பதாகச் செயலகம் எழுதியிருக்கிறது. ஆள் எங்கே? வீட்டில் இருக்கிற பிள்ளையைக் காட்ட முடியாவிட்டால் காட்டுக்குச் சண்டை பிடிக்கத்தான் அனுப்பியிருக்கிறாய் என்றார்களாம்.

"ஆரெண்டு சொன்னாங்களா?" என்று முத்தலிப் கேட்டார்.

"கேக்கிற ஆக்கள் சொல்றதில்லையே தம்பி. ஒரு கிழமை தவணை தந்திரிக்காங்க. தயவுசெஞ்சி என்ட புள்ள இல்லையெண்டு ஒரு துண்டு எழுதித்தாங்க."

முத்தலிப் துண்டை எழுதி, கையெழுத்துக்காக உள்ளே கொண்டுபோனார். பணிப்பாளர் வளைகோட்டைப் பார்த்தார். இடமில்லை.

ஐந்தாவது செவ்வாய் கோணாமலை வரவில்லை. ஆறாவது செவ்வாய் அவருடைய மனுசி வந்து அதே இடத்தில் நின்றாள். பங்குனிக்குரிய ஒதுக்கீடு முதல் பத்து நாளிலேயே முடிந்திருந்தபடியால் கோணாமலை காணாமற்போகவில்லை. அவர் வீட்டில் இருந்தார். மகளும் வீட்டில் இருந்தாள். அந்த வருடம் வாகரையில் அவ்வளவு நிறைந்த வீடு வேறு இல்லை.

2007 கடைசியில் இரண்டாந்தரம் வகையிட்டார்கள். இரண்டாவது அலுமாரி வெறுமையானது. 2008இல் மூன்றாந்தரம். வரைபு இப்போது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கிடையாக ஒரு கோடு. வாசலில் 'ஸ்திரத்தன்மை' என்று பதாகை கட்டினார்கள். பதாகைக்குக் கீழே வரிசை வாவி வளைவு வரை நின்றது. வரிசையை எண்ணுவதற்குச் செயலகத்தில் எவருக்கும் அதிகாரம் இல்லை. அது அச்சுக்கு வெளியே இருந்தது.

சர்மிலா கீறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாதமும் வரைபைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, "சேர், நூற்றி எண்பத்தேழு?" என்று கேட்பாள். "பத்திரம்" என்று அவர் நிமிராமல் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் ஐம்பத்திரண்டு வரைபு கீறியிருந்தாள்.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது. ஊரில் வெடி கொளுத்தினார்கள். சிலர் வீட்டுக்குள் இருந்து விளக்கை அணைத்தார்கள். மேலிடத்திலிருந்து பணிப்பாளருக்கு ஒரே வரியில் கடிதம் வந்தது: 'நான்காவதை அனுப்புக.'

நான்காவது பெறுதியைக் கீறச் சர்மிலாவுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. கோடு கிடையச்சின் மேலேயே படுத்துக்கொண்டது. தாளைப் பார்த்தால் எதுவும் கீறாத தாள். பணிப்பாளர் அதைச் சட்டம் போடச் சொன்னார். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது: 'பணிப்பாளர்', 'கணிதச் சரிபார்ப்பு'.

"இதில வையுங்க பிள்ளை. நாளைக்கு அலுவலகத்தை மூடுறம். உங்களுக்கு மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில நிரந்தர நியமனம். மேலிடமே சொல்லியிருக்கு."

"வைக்கிறன் சேர். அதுக்கு முந்தி என்ட தம்பிட கோப்பைக் காட்டுங்க."

அவர் மறுப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். நாலு வருடம் அதற்குத்தான் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அவர் லாச்சியைத் திறந்து சாவியை மேசையில் வைத்தார்.

"தாராளமாப் பாருங்க. எங்களிட்ட மறைக்கிறதுக்கு ஒண்டுமில்ல."

முத்தலிப் கூட வந்தார். பூட்டு எண்ணெய் விட்டதுபோலச் சுகமாகத் திறந்தது. அறை கூட்டித் துடைத்து, பினைல் மணத்தது. ஒரு தாள் இல்லை, ஒரு நூல் இல்லை, தூசுகூட இல்லை. அரச அலுவலகம் ஒன்றில் அவ்வளவு சுத்தமான அறையை சர்மிலா வாழ்நாளில் கண்டதில்லை. ஜன்னல் வழியாக வாவித் தண்ணீரின் வெளிச்சம் மட்டும் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்க?" என்றாள்.

"ஒவ்வொரு தரமும் ஒரு லொறி வந்து ஏத்திக்கிட்டுப் போச்சி ரீச்சர். இலக்கத் தகடு இல்ல. நான் கதவு திறந்து குடுத்த, அவ்வளவுதான்."

"முதல் தரம் எப்ப வந்தது?"

முத்தலிப் தரையைப் பார்த்தார். "நீங்க அந்த முதலாவது பெறுதியக் கீறிக் குடுத்த அண்டைக்குப் பின்னேரம். அடுத்த நாள் காலையில நீங்க வந்து பாக்கக்குள்ள பலகை மட்டும்தான் இரிந்திச்சி. அறை அப்பவே வெறுசு."

அவள் திரும்பி வந்தபோது பணிப்பாளர் பேனையின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சேர், இந்தப் பூச்சியத்தில இருந்து பழைய வரைபுக்குத் திரும்பிப் போக ஏலாது. வகையிட்டதைத் தொகையிட்டுத் திருப்பலாம், ஆனா நாலு மாறிலி தெரியவேணும். ஒவ்வொண்டுக்கும் வெளியில இருந்து ஒரு உண்மையான எண் வேணும்."

"அந்த எண்கள் எங்க இருக்கு?"

"கோப்பில இருந்தது."

"கோப்பு இல்லாட்டி?"

"ஏலாது சேர்."

"எவ்வளவு கெட்டிக்காரர் வந்து கணக்குப் பார்த்தாலும்? வெளிநாட்டில இருந்து வந்தாலும்?"

"ஆராலயும் ஏலாது."

பணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார். நாலு வருடத்தில் அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அவள் கண்டதில்லை. "நல்லது பிள்ளை. மேலிடம் கேட்டதும் இந்த ஒரு கேள்விதான். நீங்க எப்பவும் முழு விடையும் சொல்லுவீங்க, அதுதான் உங்களில எனக்குப் பிடிச்சது. வையுங்க கையெழுத்தை."

அவள் பேனையை எடுக்கவில்லை.

"வைக்காட்டியும் பூச்சியம் பூச்சியம்தானே," என்றார் அவர், கோபமே இல்லாமல். "ஆனா வைக்காத ஆள் கோட்டுக்கு வெளியில விழுந்த புள்ளி. அதுக்குச் சுற்றறிக்கை இருக்கு. நான் எழுதினதுதான், எண்டாலும் என்னாலயும் மாத்த ஏலாது. நீங்க யோசிங்க."

சர்மிலா தன் பையிலிருந்து ரியூசன் வகுப்புக்கு வாங்கி வைத்திருந்த புதுச் சீ.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசற்படியில் குந்தி இருந்தாள். வரிசை அவளைப் பார்த்தது. கோணாமலையின் மனுசி முன்னுக்கு நின்றாள்.

"இண்டைக்கு எத்தினை பேருக்கு இடம் மகள்?"

"கொப்பி முடியுமட்டும்," என்றாள் சர்மிலா. "பேரச் சொல்லுங்க. ஊர், திகதி, கடைசியாக் கண்ட இடம்."

"மூண்டாம் படியில வருமா?"

"இதுக்குப் படி இல்லம்மா. பேர் மட்டும்தான்."

முதல் வரியில் அவள் ஜெயந்தனை எழுதினாள். கல்லடிப் பாலம், சைக்கிள், தையல் மெசின் வார். இரண்டாவது வரியில் தனுஷியா. மூன்றாவது வரியில் கோணாமலை. பிறகு கை நிற்கவில்லை. ஆட்கள் திகதிகளை மறக்கவே இல்லை. கிழமை, நேரம், போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் வந்தது. ஒரு தாய் மகனின் செருப்பு அளவைச் சொன்னாள். சர்மிலா அதையும் எழுதினாள்.

மத்தியானம் முத்தலிப் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உள்ளே திரும்பிப் போகவில்லை. வரிசைக்குள் ஒருவர் விட்டுத்தந்த இடத்தில் போய் நின்றார். அவருடைய முறை வர இரண்டு மணித்தியாலம் பிடித்தது.

"நீங்களுமா?"

"என்ட நானா, எங்கட மூத்தவர். தொண்ணூறாமாண்டு, ஆவணி. கடைக்குச் சீனி எடுக்கப் போனவர்." போத்தலை அவள் பக்கம் தள்ளிவைத்தார். "அந்தப் பழைய கொப்பியில இருவத்திமூணாவது பேர். நூல் கட்டினது நான்தான் ரீச்சர். லொறியில ஏத்தக்குள்ள கதவப் புடிச்சிக்கிட்டு நிண்டதும் நான்தான்."

அவள் எழுதினாள்.

செயலகத்துக்கு எதிரே, வாவிக்கரைச் சுவரோடு ஒரு மோட்டார் சைக்கிள் காலையிலிருந்து நின்றது. தலைக்கவசம் கழற்றாத ஒருவன் அதில் ஒருச்சாய்ந்து இருந்தான். அவன் மடியிலும் ஒரு சின்னக் கொப்பி இருந்தது. காலையில் சர்மிலா வாசற்படியில் வந்து குந்தியதும் ஒரு தரம் எழுதினான். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவன் எழுத வேண்டியிருக்கவில்லை; வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக்கு வெளிச்சம் சரிந்தது. சர்மிலா பக்கத்தின் அடியில் கோடு இழுத்து அன்றைய கணக்கைக் கட்டினாள்.

வாகரை: 23.
கரடியனாறு: 11.
ஏறாவூர்: 6.
நாவற்குடா: 1.
மொத்தம்: 41.
எழுத முடியாமல் வரிசையில் நின்றவர்கள்: வாவி வளைவு வரை.
செயலகத்தின் கணக்கு: 0.

மோட்டார் சைக்கிள்காரனின் கணக்கு அவளுடைய கொப்பியில் இல்லை. அது அவனுடைய கொப்பியில் இருந்தது: 1.